கோப்பிக்கட்டைக்கு நடந்த அடக்கம்

கோயிலில் முதன்முதலாக நற்கருணை தரும் புதுநன்மையை எனக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த வருஷத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இந்த வயதிலும் எனக்குக் காதுமடல் சுடும். செய்த குற்றத்துக்காக நிறுத்தியிருந்தால் எப்போதோ மறந்துபோயிருப்பேன். உண்மையைச் சொன்னதற்காக நிறுத்தினார்கள். அதுவும் என் சொந்தச் சித்தப்பா ஊரறியப் பொய் சொல்லி என்னைப் பொய்க்காரியாக்கியதால் நிறுத்தினார்கள்.

அப்போது நாங்கள் மஹய்யாவையில் குடியிருந்தோம். அப்பா கண்டி டவுனில் ஒரு சேணக்கடையில் வேலை செய்தார். தோட்டத்துத் துரைமாரின் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும், அவர்களுடைய நாய்களுக்குக் கழுத்துப்பட்டியும், மோட்டார் கார்கள் வந்த பிறகு காரின் பின்னால் பெட்டி கட்டும் வார்களும் அங்கே தயாராகும். வெட்டுவதும் தைப்பதும் கடையில். ஓரம் தேய்க்கும் வேலை மட்டும் வீட்டுக்கு வரும். அது என் வேலை.

தோலை எவ்வளவு கூரான கத்தியால் வெட்டினாலும் வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாகத்தான் நிற்கும். இரண்டு தோலைச் சேர்த்துத் தைத்திருந்தால் நடுவே கோடு வேறு தெரியும். அந்த ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, புளியங்கொட்டைப் பசையை மெல்லிசாகப் பூசி, பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையை அதன்மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கட்டை சுடும். தோள்பட்டை கழன்று விழுவதுபோல இருக்கும். பிறகு ஏதோ ஒரு நேரத்தில் பிசிறெல்லாம் அடங்கி, ஓரம் கறுத்து உருண்டு பளபளக்கும். இரண்டு தோல் இருந்த இடமே தெரியாது. அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். அதற்கு முந்திய நேரமெல்லாம் பிடிக்காது.

அந்தக் கட்டைக்கு எங்கள் வீட்டில் தேய்ப்புக்கட்டை என்று பெயர். அப்பாவிடம் இருந்தது கொய்யா மரத்தில் செய்தது. பெரியவர்கள் கைக்கு ஏற்ற பருமன். அது வெடித்துப் போய்ப் பள்ளத்தில் சிராய் நின்றது. தோலையும் கிழிக்கும், என் கையையும் கிழிக்கும். உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்து, நான் சோற்றில் கைவைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்து வருத்தப்பட்டவர் சித்தப்பா ஒருவர்தான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்களோடுதான் இருந்தார். ஊசி நூல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்த் துரைமாரின் சேணங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒருமுறை ஹுன்னஸ்கிரியப் பக்கம் போய்விட்டு வரும்போது ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். தேயிலை வருவதற்கு முன்னால் அந்த மலைகளில் எல்லாம் கோப்பிதான். கோப்பி செத்து எத்தனையோ காலமாகியும் அதன் அடிக்கட்டைகள் மட்டும் மண்ணுக்குள் உளுத்துப்போகாமல் கிடக்கும். இரும்புமாதிரி இருக்கும்.

அதை அவர் செதுக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு யாரும் நம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் இடத்தில், அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவின் கண்முன்னால்தான் செதுக்கினார். உளியால் உருவம் எடுத்தார், போத்தல் ஓட்டால் சுரண்டினார், கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பள்ளங்களைச் சுட்டார். நடுநடுவே என் கையை இழுத்து அதில் கட்டையை வைத்து அளவு பார்த்தார்.

"ஒன் கைக்குத்தான் செய்றேன் புள்ள. ஒங்கப்பா கைக்கு இது பத்தாது" என்றார்.

முடிந்தபோது அது ஒரு பக்கம் பருத்து, நடுவில் ஒடுங்கி, நுனியில் பள்ளங்களோடு கொஞ்சம் புடைத்து, குழந்தையின் முழங்கையும் மூடிய விரல்களும் போலிருந்தது. சித்தப்பா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "சம்மனசு கை" என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் பீடத்துக்கு ஒரு பக்கத்தில் மரத்தில் செய்த சம்மனசு, அதாவது தேவதூதர் சுரூபம், ஒன்று நின்றது. வலது கையை உயர்த்தி ஆசீர் கொடுப்பதுபோல இருக்கும். அதற்கு முந்தின திருநாளில் மழையில் ஊர்வலம் போனபோது மரக்கிளையில் இடித்து அந்தக் கை முழங்கையோடு முறிந்துவிட்டது. சுரூபம் வைத்த கூட்டைத் தூக்கியவர்களில் சித்தப்பாவும் ஒருவர். முறிந்த கையைத் துணியில் சுற்றி, பூசை உடுப்புகள் வைக்கும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார், சாமியாருக்குக் கீழே கோயிலைக் கவனித்த உபதேசியார். அடுத்த திருநாளுக்கு முன்னால் தச்சுப் பாஸ் வந்து ஒட்டித் தருவதாக ஏற்பாடு. சம்மனசு அதுவரை மொட்டைக் கையோடு நின்றது.

நான் தேய்த்துக் களைத்துக் கட்டையைக் கீழே போட்டால், சித்தப்பா, "சம்மனசு கை சும்மா இருக்கக் கூடாது புள்ள" என்பார். நான் சிரித்துக்கொண்டே மறுபடி எடுப்பேன். இது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு விளையாட்டு. அது கோப்பிக்கட்டை என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஆனால் கோபக்காரி. அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. புதுநன்மைக்காக உபதேசியாரிடம் ஜெப மந்திரம் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். உபதேசியார் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். கண்டிப்பானவர். அவருடைய மகளும் எங்களோடு படித்தாள். ஒருநாள் அவள் வாங்கில் என் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். என் கை தோல் நாற்றம் நாறுகிறதாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாறத்தான் செய்யும். தோலைத் தேய்த்த கை தோலாகத்தானே நாறும். அவள் காலில் போட்டிருந்த சப்பாத்து என்ன வாழைமட்டையா?

"இது சம்மனசு கையைப் புடிச்ச கை. ஒன் கை எதப் புடிச்சிச்சு?" என்று கேட்டேன்.

அவள் வாயைப் பிளந்தாள். எங்கள் வீட்டில் சம்மனசின் கை இருக்கிறது, சித்தப்பா கொடுத்தார், நான் தினமும் அதைப் பிடிக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது எனக்கு நடை கொள்ளவில்லை.

திருநாள் நெருங்கியது. தச்சுப் பாஸ் வந்தார். உபதேசியார் அலுமாரியைத் திறந்தார். சுற்றிவைத்த துணி இருந்தது, கை இல்லை.

மறுநாள் பின்னேரம் உபதேசியார் கோயில் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கடையிலிருந்து வரவில்லை. சித்தப்பா தோட்டங்களுக்குப் போயிருந்தார். நான் பாயில் உட்கார்ந்து ஏதோ ஒரு துரையின் நாய்க்குப் போகிற கழுத்துப்பட்டியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து என் கையிலிருந்து கட்டையை எடுத்தார்.

"இது என்ன பிள்ளை?"

"தேய்ப்புக்கட்டைங்க."

"ஆர் தந்தது?"

"சித்தப்பா செஞ்சி குடுத்தாரு. கோப்பிக்கட்டைங்க."

"நீ என்ரை மகளுக்கு வேறை கதையெல்லோ சொன்னனி."

அது விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். இரண்டில் ஒன்று பொய்தானே, எது பொய் என்று கேட்டார். அதுதான் பொய், இது உண்மை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பொய் சொன்ன பிள்ளை மாட்டிக்கொண்டதும் உண்மையைத்தான் பொய் என்று சொல்லும் என்று பெரியவர்களிடம் விளக்கினார். மூன்று பேரும் வாசல் வெளிச்சத்தில் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது முழங்கை, இது மணிக்கட்டு, வர்ணத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், விரல்களைச் சீவிவிட்டுப் பள்ளம் போட்டிருக்கிறார்கள் என்று தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். செதுக்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்று சொன்னேன். அப்படியானால் நீயும் உடந்தை என்றார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோயில் பீடத்துத் துணிகளையும் பூசை உடுப்புகளையும் துவைத்துக் கொடுப்பவள் அம்மாதான். உபதேசியாருக்கு அவள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அம்மா அடுப்புக்கு முன்னால் குனிந்து நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் கட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்வரை அவள் நிமிரவில்லை. நாய்ப்பட்டியின் ஓரம் பாதி பளபளப்பும் பாதி பிசிறுமாகக் கிடந்தது.

"நீங்க பாத்தீங்கதானேம்மா. ஏன் சொல்லல?" என்று கத்தினேன். போய்த் தண்ணீர் கொண்டுவா என்று அம்மா சொன்னாள்.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய தூசியோடு நேரே கோயிலுக்கு வரச்சொல்லி ஆள் நின்றது. கோயில் விறாந்தையில் வெள்ளைக்காரச் சாமியார் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தமிழ் பேசுவார்; ஜெபப் புத்தகத்திலிருந்து வாசிப்பதுபோல இருக்கும். மேசையில் என் தேய்ப்புக்கட்டை. அப்பா தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஒரு பக்கம்; அவர்களுக்குள் தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா. எனக்கு ஒரு பயமும் இல்லை. சித்தப்பா வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தேன். உபதேசியார் மகளைப் பார்த்து நாக்கைக்கூடத் துருத்திக் காட்டினேன்.

சித்தப்பா கட்டையைப் பார்த்ததும் சிரித்தார். "இது கோப்பிக்கட்டைங்க சாமி. புள்ளைக்கு ஓரம் தேய்க்கச் செஞ்சி குடுத்தேன். சம்மனசு கைன்னு சும்மா சொன்னது" என்றார். எனக்கு நெஞ்சு பூரித்தது.

அதோடு முடிந்திருக்கவேண்டும். உபதேசியார் விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தன் பொறுப்பில் இருந்த பொருள் காணாமல் போனது அவருக்குத் தாங்கமுடியாத அவமானம். சரி, இது அது இல்லையென்றால் அது எங்கே என்று கேட்டார். அலுமாரித் திறப்பு, அந்தச் சாவி, தன்னையும் சாமியாரையும் விட்டால் துணி துவைக்கும் பெண்களிடம்தான் போய்வருகிறது, அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லப்போகிறேன், எங்கே கொண்டுபோய் மறைத்திருந்தாலும் தேடி எடுக்காமல் விடமாட்டேன் என்றார்.

சித்தப்பாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. பிடரியைச் சொறிந்தார். தரையைப் பார்த்தார். மேசைக்குப் போய்க் கட்டையைக் கையிலெடுத்து, முதன்முறையாகப் பார்க்கிறவர்மாதிரி திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டேன் சாமி. நான்தான் எடுத்தேன். இதுதான் அது."

நான் எழுந்து நின்றேன். "அவரு பொய் சொல்றாரு சாமி. அது கோப்பிக்கட்டை. நான் பாத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்காதபடி எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சும்மா இரு புள்ள. சம்மனசு கைன்னு நான் சொன்னேன்தானே. அது நெசந்தான்."

திறப்பு எப்படிக் கிடைத்தது என்று சாமியார் கேட்டார். துவைத்த துணிமூட்டையைச் சில நாட்களில் அண்ணிக்குப் பதிலாகத் தான் கொண்டுபோய் வைப்பதுண்டு, அப்படி ஒருநாள் எடுத்ததாகச் சொன்னார். நல்ல மரமாக இருந்ததாம். ஆசைப்பட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா அவர் கன்னத்தில் அறைந்தார். அப்பா எங்களை அதட்டிக்கூடப் பேசாதவர். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். சித்தப்பா கன்னத்தைத் தடவவும் இல்லை.

திருநாள் வரைக்கும் ஞாயிறு பூசை முழுவதும் கோயில் வாசலுக்கு வெளியே முழங்காலில் நிற்கவேண்டும், இனிமேல் சுரூபக் கூட்டைத் தொடக்கூடாது என்று சித்தப்பாவுக்குத் தீர்ப்பாயிற்று. எனக்கும் தீர்ப்பு உண்டு. உபதேசியார் வீட்டுக்கு வந்து கேட்டபோதும் பொய், சாமியார் முன்னாலும் பொய், இந்தப் பிள்ளையின் நாக்கு நன்மை வாங்க இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னார்கள். எனக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையையும் முக்காட்டையும் அம்மா மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அடுத்த வருஷம் அது எனக்குக் குட்டையாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். உபதேசியார் மகள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போனாள்.

இதெல்லாம் போதாதென்று அந்தக் கட்டைக்கு அடக்கம் நடந்தது.

சாமியார் ஏதோ புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாராம். மந்திரித்த சுரூபம் பழுதானால் அதை எறியக்கூடாது. எரிக்கவேண்டும் அல்லது மந்திரித்த நிலத்தில் புதைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் தேய்ப்புக்கட்டையை வெள்ளைப் பட்டில் சுற்றித் தட்டில் வைத்தார்கள். முன்னால் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுதிரி, கிணுகிணுவென்று மணி. சனம் ஜெபம் சொல்லிக்கொண்டு பின்னால் போனது. நானும் போனேன். போகாமல் எப்படி? அது என்னுடையது.

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவையின் அடியில் குழி வெட்டியிருந்தது. சாமியார் லத்தீனில் வாசித்தார். தீர்த்தம் தெளித்தார். சனம் முழுவதும் முழங்காலில் நின்றது. சித்தப்பாவின் உளி பட்ட கட்டை, என் கை வியர்வை ஊறிய கட்டை, நாய்ப்பட்டி தேய்த்த கட்டை. எழுந்து நின்று சிரிக்கவேண்டும்போலவும் கல்லெடுத்து எறியவேண்டும்போலவும் இருந்தது. சித்தப்பா உள்ளே வரக்கூடாது என்பதால் கல்லறை வேலிக்கு அந்தப் பக்கம், புல்லும் நாயுண்ணிச் செடியும் வளர்ந்த சரிவில், தனியாகத் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைத் தொங்கப் போட்டிருந்தார். நன்றாக வெட்கப்படட்டும் என்று நினைத்தேன்.

குழிக்குள் முதல் மண் விழுந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். வெட்கத்துக்கு அழும் அழுகை இல்லை. செத்த வீட்டில் அழுவதுபோலத் தரையில் உட்கார்ந்து, தொண்டை கிழிய அழுதாள். பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். கொழுந்தன் செய்த பாவத்துக்கு இந்தப் பொம்பிளை என்ன செய்வாள் என்று உபதேசியார்கூட இரக்கப்பட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. பீலியடியில் நின்று கோப்பிக்கட்டையைக் கண்ணால் பார்த்தவள், அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவள், இப்போது அதற்கு ஒப்பாரி வைக்கிறாள். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் உதறிக்கொண்டு தள்ளிப்போய் நின்றேன்.

அதன்பிறகு சித்தப்பாவோடு நான் பேசவில்லை. தோட்டத்திலிருந்து மங்குஸ்தான் கொண்டுவந்தார்; தொடவில்லை. "இன்னொரு கட்டை செஞ்சி தாரேன் புள்ள" என்றார், வேண்டாம் என்றேன். திருநாள் முடிந்ததும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவில் ஒரு துரையின் குதிரை லாயத்துக்கே போய்விட்டார். அப்பா போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நத்தார் திருநாளுக்கு வந்தால் முற்றத்தோடு நிற்பார். அம்மா இலை போட்டுச் சாப்பாடு வைப்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த வருஷம் சட்டையின் ஓரத்தில் துண்டு வைத்துத் தைத்து எனக்குப் புதுநன்மை கொடுத்தபோது, அதைப் பார்க்க அவ்வளவு தூரம் நடந்து வந்து கோயில் வாசலில் நின்றார். நான் மெழுகுதிரியோடு அவரைக் கடந்து போனேன். பார்க்கவில்லை. அன்றைக்கு அதுதான் எனக்கு நியாயம்.

காய்ச்சலில் அவர் தோட்டத்திலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. அப்பாவும் சில வருஷங்களில் போய்விட்டார்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து அம்மா என்னோடு வந்திருந்த சமயம், வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். கோப்பிக்கட்டைக்கு லத்தீன் மந்திரம் ஓதிய கதை. எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அம்மா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க சித்தப்பா எடுத்தது நெசந்தான்" என்றாள். "நான்தான் எடுத்துத்தரச் சொன்னேன்."

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை; எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சம்மனசின் கை முறிந்த திருநாளுக்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த நாட்களில் அவன் பிறந்திருக்கிறான். அழவே இல்லையாம். தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இருக்கவில்லை. சாமியார் தோட்டங்களுக்குப் போயிருந்தார். அப்பா போய் உபதேசியாரிடம் கேட்டார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த நிலத்தில் இடமில்லை, மணி அடிக்கமுடியாது, ஜெபமும் சொல்லமுடியாது, அதுதான் சட்டம் என்று அவர் கண் கலங்கத்தான் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா சேணக்கடையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார்.

பாயில் கிடந்த அம்மா அலுமாரித் திறப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். துவைத்த துணிகளோடு அது வீட்டில்தான் இருந்தது. ஒரு ஜெபமும் இல்லாமல் என் பிள்ளையை அனுப்பாதீர்கள், கோயிலில் இருந்து ஏதாவது ஒன்றை அவனோடு வையுங்கள் என்று சொன்னாளாம். துணிமூட்டையோடு போன சித்தப்பா முறிந்த கையைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு அதைக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். கல்லறை வேலிக்கு வெளியே, சரிவில், அவரே தோண்டிப் புதைத்தார்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். தன் கூடப்பிறந்தவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அப்பா செத்துப்போனாரே.

"ஒங்கப்பாவுக்குப் பொய் வராது. உபதேசியார் கேட்டா சொல்லிருப்பாரு. கோயில் சாமான்னு தோண்டி எடுத்திருப்பாங்க. அதுதான் ஒங்க சித்தப்பா அந்தக் கட்டையக் குடுத்தாரு."

அதன்பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கூடித்தான் போயிற்று. நாய்ப்பட்டி தேய்த்த கோப்பிக்கட்டை மந்திரித்த நிலத்தில், பட்டுத்துணிக்குள், பெரிய சிலுவையின் காலடியில் கிடக்கிறது. மெழுகுதிரி, மணி, தீர்த்தம், ஊர் முழுக்க முழங்காலில். என் தம்பி நாயுண்ணிச் செடிக்குக் கீழே கிடக்கிறான். இதை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது? சித்தப்பாமேலும் கோபம்தான். என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சிமிட்டியிருந்தால்கூடப் போதும், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு ரகசியம் தங்காது என்று அவர் நினைத்திருக்கலாம். மந்திர வகுப்பில் அதை நானே நிரூபித்தும் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் எல்லோரும் குழியைப் பார்த்து முழங்காலில் நின்றார்கள். அம்மா மட்டும் குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலிக்கு அப்பால் சித்தப்பா நின்ற இடத்தைப் பார்த்து அழுதாள். அதை நான் பார்த்தேன். குழி ஒரு பக்கம் இருக்க இன்னொரு பக்கம் பார்த்து ஏன் அழுகிறாள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.